பாண் வண்டி எங்க நிக்குது?

எங்க தேயிலத் தோட்டத்துக்குப் பாண் கொண்டுவார மேர்வினுக்கு முப்பத்தெட்டு வயசு. அதுல பேசுன நேரத்த மட்டும் கூட்டிப் பாத்தா ஒரு வாரம் தேறாது. கொழும்புல ஒரு பேக்கரியில பன்னெண்டு வருசம் மாவு பெசஞ்சிட்டு, பழைய ஆட்டோ ஒண்ணு வாங்கி, பின்னால கண்ணாடிப் பெட்டி மாட்டிக்கிட்டு ஊருக்கு வந்தாரு. பகல் மூணு மணிக்கு வட்டவளை டவுன்ல பாண் எடுத்தா, கீழ் டிவிசன்ல தொடங்கி எங்க மேல் டிவிசன் லயத்து வீடுகளுக்கு நாலரைக்கு வந்து சேருவாரு. கூவி விக்கத் தெரியாது. பாண்னு ஒரு சத்தம் குடுக்கச் சொன்னாலே காது செவந்துரும். அவருக்காகக் கூவுனது ஆட்டோவுல கட்டியிருந்த ஸ்பீக்கர்தான். எப்பவும் ஒரே மெட்டு.

நான் நாகலெட்சுமி. முப்பது வருசம் கொழுந்து எடுத்துட்டு இப்ப வீட்டோட இருக்கேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்னு லயத்துல சொல்லுவாங்க. கொஞ்சம்னு சொல்றது அவங்க பெருந்தன்மை.

போன வருசம் தோட்டத்து மேனேஜரா புதுசா ஒரு தொர வந்தாரு. அந்த மெட்டு கேட்டா பங்களா நாய் கூடவே ஊளையிடுதாம். தோட்டத்துக்குள்ள ஸ்பீக்கர் போடக்கூடாதுன்னு கணக்கப்பிள்ளை வந்து சொல்லிட்டுப் போனாரு. அதோட மேர்வின் ஊமையாயிட்டாரு. வண்டி வாசலத் தாண்டிப் போனதே தெரியாம நாங்க அடுப்படியில நிப்போம். தட்டுல பாதி பாண் திரும்பிப் போகும். மனுசன் மூஞ்சி வாடிப்போச்சு.

எனக்குப் பொறுக்கல. மகன் வாங்கிக்குடுத்த போன் கையில இருக்கு. அதுல "பாண் வந்தாச்சு"ன்னு ஒரு வாட்ஸ்அப் குரூப் போட்டு, ரெண்டு டிவிசனுலயும் போன் இருக்கிற எல்லாரையும் சேத்தேன். நூத்திப்பன்னெண்டு பேரு. வேணுங்கிறத மத்தியானமே வொய்ஸ்ல சொல்லிரணும். ரெண்டு றாத்தல் பாண், மூணு சீனிப் பனிஸ், மீன் பனிஸ் சூடா இருந்தா மட்டும் நாலு, இப்படி. அத வச்சு மேர்வின் பேக்கரியில அளவாச் சரக்கு எடுப்பாரு. மிச்சம்ங்கிற பேச்சே இல்லாமப் போச்சு.

அப்புறம் லைவ் லொகேசன் போடச் சொல்லிக் குடுத்தேன். போனு எவ்வளவு நேரத்துக்குன்னு மூணு கணக்குக் கேட்டுச்சு. பதினஞ்சு நிமிசமா, ஒரு மணித்தியாலமா, எட்டு மணித்தியாலமா? மேர்வின் எட்டத் தொட்டாரு. "ஒரு நாள் வேலைன்னா எட்டு மணித்தியாலந்தானேக்கா. கொறச்சுப் போட்டா அரப் பேரு மாதிரி இருக்கும்"ன்னாரு. அரப் பேருன்னா தோட்டத்துல அரை நாள் சம்பளம். யாரு இவருக்குப் பேரு போடப் போறாங்கன்னு நான் கேக்கல. நல்லது செய்யும்போது வாய மூடிக்கிற பழக்கம் எனக்கும் எப்பயாவது வரும்.

அதுலருந்து சாயங்காலமானா எங்களுக்கு அதுதான் வேடிக்கை. போன்ல வார ரோட்டுப் படத்துல ஒரு வட்டத்துக்குள்ள மேர்வினோட மொகம். அடையாள அட்டைக்கு எடுத்த மாதிரி வெறப்பா இருக்கும். அது ரோட்டுல வளைஞ்சு வளைஞ்சு ஊர்ந்து வரும். மிஸ்ட் மூடி கண்ணுக்கு ரோடே தெரியாத நாள்லகூட, "பாலத்துக்கிட்ட வந்துட்டாரு, பைய எடு"ன்னு சொல்லிக்குவோம்.

ஆனா அந்த மொகம் தெனமும் ஒரு எடத்துல படுத்துரும். கீழ் டிவிசன் புள்ளக்காம்பரா வாசல்ல. கொழுந்துக்குப் போறவங்க கைப்புள்ளைகள விட்டுட்டுப் போற எடம் அது. அங்க பாத்துக்கிறது பெற்றீசியா. முப்பத்துநாலு வயசு. பொண்ணு கேட்டு வந்தவங்க எல்லாருக்கும் யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லிட்டு இன்னும் யோசிச்சுக்கிட்டிருக்கிற பொம்பள. அங்க மூணு இருபதுக்கு நிக்கிற மொகம் மூணு நாப்பதுக்குத்தான் அசையும். மழையானாலும் வெயிலானாலும் இருபது நிமிசம். பூனை கண்ண மூடிக்கிட்டா ஒலகமே இருட்டும்பாங்களே, மேர்வினுக்கு அதே கத. அன்னைக்கு வண்டி எங்கன்னு கேட்டவங்களுக்கு மட்டுந்தான் லொகேசன் தெரியும்னு நெனச்சிக்கிட்டிருந்திருக்காரு.

ரெண்டு மாசம் அடக்கிப் பாத்தேன். ஒரு செவ்வாய்க்கிழம பசி. வாய் நிக்கல. குரூப்புல வொய்ஸ் போட்டேன். "மேர்வின் தம்பி, புள்ளக்காம்பராவுல உங்களத் தொட்டில்ல போட்டுத் தூங்க வச்சிட்டாங்களா? தாலாட்டு முடிஞ்சதும் மேல வாங்க, பசிக்குது."

சிரிப்பு மொகமா வந்து குமிஞ்சிச்சு. ஒருத்தரு கல்யாணத்துக்குக் கேக்கு யாரு செய்வான்னு கேட்டாரு. இன்னொருத்தரு புள்ளக்காம்பராவுல புதுசா ஒரு புள்ள சேந்திருக்கு, வயசு முப்பத்தெட்டுன்னாரு. நானும் விழுந்து விழுந்து சிரிச்சேன். சரியா அஞ்சு நிமிசத்துல அந்த வட்டம் படத்துலருந்து மறஞ்சு போச்சு.

மறுநாள் லொகேசன் இல்ல. அதுக்கடுத்த நாளும் இல்ல. நாங்க பாணுக்குச் சொன்னதுக்கும் பதில் இல்ல. வண்டி வருது, எப்ப வருது, எப்ப போகுதுன்னு தெரியல. தட்டுல பாதி மறுபடியும் திரும்பிப் போச்சு. கீழ் டிவிசன் ஆளுங்க சொன்னாங்க, புள்ளக்காம்பரா பக்கம் திரும்பிக்கூடப் பாக்காம போறாராம்.

நாலாம் நாள் வெள்ளிக்கிழம. மத்தியானத்துலருந்து ரோட்டு வளைவுல காத்துக்கிட்டு நின்னு வண்டிய மறிச்சேன். "தம்பி, நான் வெளையாட்டுக்குச் சொன்னேன்"ன்னேன்.

அவரு ஹேண்டில விட்டுக் கைய எடுக்கல. "என்னய என்னமும் சொல்லுங்கக்கா. நாளைக்குப் புள்ளக்காம்பராவுல அவங்க நூறு பேரு மொகத்துல முழிக்கணும்ல. நான் இன்னும் அவங்ககிட்ட ஒரு வார்த்த கேக்கவுமில்ல, அவங்க சொல்லவுமில்ல. அதுக்குள்ள ஊரே கேக்கு வெட்டிருச்சு." கியரப் போட்டாரு. "மாசம் முடிஞ்சதும் வண்டிய வித்துட்டுக் கொழும்புக்கே போறேன்."

அவரு அவ்வளவு நீளமாப் பேசி நான் கேட்டதேயில்ல. தவளை தன் வாயால கெடும்னு சொல்லுவாங்க. நான் என் வாயால அடுத்தவன் பொழப்பக் கெடுத்துட்டேன். வெக்கமாப் போச்சு. வீட்டுக்கு வந்து, நூத்திப்பன்னெண்டு பேரு முன்னால பேசுனத நூத்திப்பன்னெண்டு பேரு முன்னாலயே திருப்பி எடுக்கணும்னு தோணுச்சு. "மேர்வின் தம்பி, பெற்றீசியா தங்கச்சி, நான் பேசுனது தப்பு. மன்னிச்சிக்கங்க"ன்னு வொய்ஸ் போட்டேன். எல்லாரும் கேட்டாங்க.

ராவு சமைக்கவே மனசில்ல. மறுநாள் சனிக்கிழம, அரை நாள் வேலை முடிஞ்சு எல்லாரும் வீட்டுல. மூணு மணியிருக்கும், போன் முணுக்குன்னுச்சு. குரூப் தொடங்குன நாள்லருந்து ஒரு எழுத்துப் போடாத பெற்றீசியா எழுதியிருந்தா.

"மேர்வின், அந்த லொகேசனப் போடுங்க. நீங்க எந்த வளைவுல வாறீங்கன்னு பாத்துத்தான் நான் கேத்தல அடுப்புல வைக்கிறது. மூணு நாளா ஊத்தி வச்ச தேத்தண்ணி ஆறிப்போகுது. இன்னைக்குக் காம்பரா பூட்டியாச்சு, அடுப்ப மட்டும் இன்னும் அணைக்கல."

திரும்பத் திரும்பப் படிச்சேன். எனக்குக் கண்ணு கலங்கிருச்சு, சொல்றதுல என்ன. கொஞ்ச நேரத்துல படத்துல அந்த வெறப்பான மொகம் வந்துச்சு. மெதுவா ஊர்ந்து கீழ் டிவிசன்ல ஏறி, புள்ளக்காம்பரா வாசல்ல நின்னுச்சு.

இருபது நிமிசமாச்சு. நாப்பதாச்சு. எனக்கு விரல் துருதுருன்னுச்சு, போனத் தூக்கி அரிசிப் பானைக்குள்ள வச்சிட்டேன். அன்னைக்கு எங்க லயத்துக்குப் பாண் ஆறு மணிக்கு வந்துச்சு. ஏன் லேட்டுன்னு ஒருத்தரும் கேக்கல.