ஒரு மாலை மொனிட்டர்

லண்டன் லூயிஷாமில் குடியேறிய இரண்டாம் வருடம், பத்து வயதில், நான் ஒரு மாலை முழுவதும் மொனிட்டராக இருந்தேன். அந்தப் பதவியை எனக்குக் கொடுத்தவர் அம்மா.

அன்று வகுப்பில் சரித்திரப் பாடம். பழைய காலத்து இங்கிலாந்தில் கிறிஸ்தவர்கள் யூதர்களோடு கலந்துவிடக் கூடாது என்று திருச்சபை நினைத்ததாம். அதனால் யூதர்கள் நெஞ்சில் ஒரு துணித்துண்டு அணிய வேண்டுமென்று கட்டளை. அதை விளங்கவைக்க ஆசிரியை மஞ்சள் துணியைப் பத்துக் கட்டளைகளின் இரண்டு கற்பலகைகள் போல வெட்டி, சீட்டுக் குலுக்கி, என்னோடு சேர்த்து ஐந்து பேரின் சட்டையில் ஊசியால் குத்திவிட்டார். மணி அடிக்கும்வரை எங்களோடு ஒருவரும் பேசக் கூடாது. நான் இயல்பாகவே பேசாதவன். அது எனக்குத் தண்டனையாகவே படவில்லை. கழற்ற மறந்து வீட்டுக்கு வந்தேன்.

அம்மா படித்த யாழ்ப்பாணப் பள்ளிக்கூடத்தில் சட்டையில் சின்னம் குத்தியவர், வகுப்பை அடக்கிவைக்கும் மொனிட்டர் மட்டும்தான். கதவைத் திறந்தவரின் முகம் மலர்ந்தது. நான் வாய் திறக்குமுன் என் முகத்தைக் கழுவி, அதே சட்டையோடு கோயிலில் வெள்ளிக்கிழமைப் பூசைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

“வந்து ரெண்டு வரியம் ஆகேல்லை, மொனிட்டர் ஆக்கிப்போட்டினம்” என்று தீபாராதனை முடியுமுன் ஆறு பேரிடம் சொல்லிவிட்டார். உண்மை தெரிந்தால் அந்த முகம் என்னாகும் என்ற பயத்தில் நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

அம்மாவின் அண்ணன், என் மாமா, விடவில்லை. பூசை முடிந்து பிரசாதக் கடலையை மென்றபடி, “மருமோன், நீ வாயே திறக்கமாட்டாய். கத்துற பெடியளை எப்பிடியடா அடக்குவாய்?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

“என்ரை பிள்ளை கண்ணாலையே அடக்குவான்” என்றார் அம்மா.

அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை. நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன்.

மாமா இன்னும் பெரிதாகச் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அம்மா ஊசியைக் கழற்றித் துணியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

“அந்தச் சனம் இதைக் கழட்டிப்போட்டு வெளிக்கிட ஏலாதோ?”

“ஏலாது அம்மா. பிடிச்சால் தண்டனை.”

“பிள்ளையளுக்குமோ?”

“ஓம்.”

அம்மா மாமாவின் பக்கம் திரும்பினார். “கலவரத்திலை தமிழெண்டு தெரியாமல் இருக்க நான் பொட்டை அழிச்சுப்போட்டு பஸ் ஏறினன், அண்ணை. இதுகள் என்ன செய்திருக்குங்கள்?”

மாமா கடலையைக் கீழே வைத்தார். மொனிட்டர் என்று ஊரெல்லாம் சொன்னதற்காக அம்மா வெட்கப்படுகிறார் என்று நினைத்து, அம்மாவின் கையைப் பிடித்து, அடுத்த வருடம் உண்மையாகவே மொனிட்டர் ஆகிவிடுவேன் என்று வாக்குக் கொடுத்தேன்.