தோணாவுக்காகத் தெருவோடு சண்டை பிடித்த அண்ணா

அண்ணாவை வழியனுப்ப வந்து, இன்று முப்பத்தோராம் நாளில் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவுகளே, நண்பர்களே,

செத்த வீட்டன்று பந்தலுக்குள் ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. “கானுக்க இறங்கி உயிர விட்ட மனிசன். தேவையா இவருக்கு?” அதற்கான பதிலை இப்போது எழுதுகிறேன். தேவைதான்.

முதலில், அது கழிவுநீர்க் கான் அல்ல. எங்கள் வீடுகளின் கழிவுநீரை அதற்குள் விட்டுவிட்டு நாங்கள்தான் அப்படிச் சொல்லப் பழகினோம். அது தோணா. மேற்கே வட்டையில், அதாவது வயல்வெளியில், தேங்கும் மழைநீர் எங்கள் மூன்று தெருக்களின் பின்புறமாக வந்து, பிரதான வீதியின் மதகுக்குக் கீழே நுழைந்து, கண்டல் பற்றைகளுக்குள்ளால் வாவியில் விழுகிறது. மாரியில் தண்ணீர் வாவிக்கு இறங்கும். கோடையில் வாவியின் உப்புநீர் உள்ளே ஏறும். இரண்டு பக்கமும் ஓடுகிற தண்ணீர் அது. இதை எனக்குச் சொல்லித் தந்தது பள்ளிக்கூடம் அல்ல, அண்ணா.

அண்ணா பிறந்தது தோணாக் கரையில், எங்கள் அம்மாவின் வீட்டில். அப்பா குருக்கள்மடத்திலிருந்து மாப்பிள்ளையாக வந்தவர். எனக்கு நினைவு தெரியும் முன்பே காலமானார். அண்ணா சாதாரணதரத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு, நில அளவையில் சங்கிலி பிடிக்கும் வேலைக்குப் போனார். என்னை உயர்தரம் வரை படிக்க வைத்தது அந்தச் சங்கிலிதான். அந்த வேலையில் ஒருநாள் எங்கள் பகுதியின் பழைய வரைபடத்தைப் பார்த்திருக்கிறார். அதில் தோணா ஒரு வீட்டு வளவின் அகலமாம். இரு கரையிலும் யாரும் தொடக்கூடாத ஒதுக்கு நிலமும் இருந்ததாம்.

அது எப்படிச் சுருங்கியது? வெளியாட்கள் வந்து மூடவில்லை. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். முன்னால் தெரு, இரு பக்கமும் சொந்தக்காரரின் வேலி. இரண்டாவது மகள் பிறந்தால் பின்பக்கம்தான் மிச்சம். ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வீடு, ஒவ்வொரு வீட்டுக்கும் சில லோட் கிரவல் மண். பிள்ளைப் பாசத்தாலேயே ஒரு நீரோட்டத்தை மூடினோம்.

நானும் மூடினேன். மறைக்க மாட்டேன்.

கணவர் இறந்த பிறகு, இளைய மகளுக்குச் சம்பந்தம் பொருந்தியது. வீடு எங்கே என்ற யோசனையில் எனக்குச் சோறு இறங்கவில்லை. பின்பக்கத் தோணாவை நிரப்பக் கிரவலுக்குச் சொன்னேன். உழவு இயந்திரம் வந்த அன்று, வந்தாறுமூலையில் தன் மனைவியான மச்சாளின் வீட்டிலிருந்த அண்ணா எப்படியோ கேள்விப்பட்டு, வந்து மண் ஏற்றிய பெட்டிக்குப் பின்னால் மறித்து நின்றுகொண்டார்.

“என்னகா தங்கச்சி, தண்ணிய எங்கால போகச் சொல்றாய்?”

“அப்ப மகள றோட்டிலயா இருக்கச் சொல்றீங்க?”

பக்கத்து வளவு மச்சான் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். “மச்சான், நீங்க மாப்பிள்ளையா வந்தாறுமூலைக்குப் போன ஆள். இந்த வளவுல உங்களுக்கு ஒரு தென்னம்பிள்ளையும் இல்ல. பிறகென்ன கதை?”

“ஓம்டா, எனக்கு இஞ்ச ஒண்டும் இல்லத்தான். அதாலதான் வாய் திறந்து கதைக்க ஏலுது. மூணு பொம்புளப் பிள்ளைய வச்சிருக்கிற நீ எப்பிடிக் கதைப்பாய்?”

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணா போனதும் நான் கிரவலைக் கொட்டுவித்தேன். அதன்பின் அண்ணா பல மாதம் என் வீட்டுப் படி ஏறவில்லை.

மார்கழி மழையில் வட்டைத் தண்ணீர் வந்தது. போக வழி இல்லாமல் திரும்பியது. அதே வளவில் இருக்கும் மூத்த மகளின் வீட்டுக்குள் புகுந்து கட்டில் மட்டத்துக்கு ஏறியது. பேரப்பிள்ளைகளை மேசைக்கு மேல் ஏற்றிவிட்டு அண்ணாவுக்குப் போன் எடுத்தேன்.

“அண்ணா...”

“வாறன்.”

மண்வெட்டியோடு வந்தார். ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்று கேட்டது இவ்வளவுதான்: “எதால வெட்ட? நீ சொல்லுகா. உன்ட காணி.” நான் கிரவல் போட்ட இடத்தைக் காட்டினேன். வேலிக்கு மேலால் கதைத்த மச்சானும் வந்து இறங்கினார். மத்தியானத்துக்குள் வெட்டிவிட்டார்கள். தண்ணீர் இழுபட்டு ஓடிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அண்ணாவின் காலில் மண்வெட்டி பட்ட காயம் இருந்ததை அன்று யாரும் கவனிக்கவில்லை. சில நாளில் காய்ச்சல். அழுக்குத் தண்ணீர் புண்ணில் பட்டு வரும் எலிக்காய்ச்சல் என்றார்கள். அண்ணா ஆசுபத்திரியிலிருந்து திரும்பி வரவில்லை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த கையோடு எனக்குப் புத்தி சொல்ல வந்தவர்கள் உண்டு. “வெட்டின கிடங்க மூடு பிள்ள. ஆவணியில கலியாணம். அண்ணரும் போயிட்டார், இனி ஆர் மறிக்கப் போறா?”

நான் மறிப்பேன்.

மிச்சக் கிரவலையும் போன கிழமை பெக்கோ இயந்திரம் கொண்டு அள்ளுவித்துவிட்டேன். நான் இருக்கும் வீடு இளையவளுக்கு. எனக்குக் குசினிப் பக்கத்து அறை போதும். மாப்பிள்ளை வீட்டாரிடம் நானே போய்ச் சொன்னேன். சம்பந்தம் குழம்பினால் குழம்பட்டும் என்றுதான் சொன்னேன். மாப்பிள்ளை சிரித்தார். “மாமி, எனக்கு நீந்தவும் தெரியா. பழைய ஊடே போதும்.”

மழை இருட்டினால் இன்றும் பேரப்பிள்ளைகளின் பாயை மேசைக்கு மேல் தூக்கி வைக்கிறேன். ஒரு பிடி மண்கூட இனி அங்கே விழாது.

அண்ணாவுக்குப் பக்கத்தில் இரவு பகல் இருந்த மச்சாளுக்கும், பாடை சுமந்தவர்களுக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், ஒரு சொல்லில் பெக்கோவோடு வந்த ஏறாவூர்த் தம்பிக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. நன்றி சொல்லி முடியாது.

ஆனால் என் வளவுக்குக் கீழே மதகு வரை இன்னும் நாலு வளவில் தோணா பாதி அடைபட்டுக் கிடக்கிறது. அதைத் திறக்காவிட்டால் அடுத்த மாரியிலும் தண்ணீர் திரும்பும். நேற்றுப் பக்கத்து வளவு மச்சான் வந்து வேலியடியில் நின்றார். மூன்று பெண்பிள்ளைகளின் தகப்பன். கண் கலங்கியிருந்தது.

“மச்சாள், ஞாயிற்றுக்கிழமை முதல்ல என்ட வளவுல வெட்டுங்க. நான் மனம் மாற முன்னம் வெட்டிப் போடுங்க.”

வெட்டுகிறோம். காலை ஆறு மணிக்கு. வரக்கூடியவர்கள் மண்வெட்டியோடு வாருங்கள். காலுக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாருங்கள்.