செத்துவிட்டதாக நாங்கள் முடிவுகட்டிய ஆமை

சிங்கப்பூர் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, ஜொகூரில் எங்கள் ஊரான பெக்கான் நானாஸ் பக்கம் ஒரு சின்ன விலங்குப் பூங்காவில் சேர்ந்த நான்காவது நாள். விடிவதற்கு முன்பே எழுந்து பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு ஓட வேண்டியதில்லை என்ற சந்தோஷத்தில், ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி ராட்சத ஆமைக்குக் கங்கோங் கீரை எடுத்துப் போனேன்.

ஆமை வெயிலில் கிடந்தது. கால்கள் நாலு பக்கமும் பரந்திருக்க, கழுத்து முழுசாக வெளியே நீண்டு, தாடை மண்ணில் படிந்திருந்தது. கண் மூடியிருந்தது. தூங்கும் ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கைதட்டிப் பார்த்தேன். கீரையை மூக்கருகே ஆட்டினேன். அசைவே இல்லை.

அழுதுகொண்டே முதலாளிக்குப் போன் போட்டேன். நீண்ட காலம் சாப்பாட்டுக் கடை நடத்தியவர் அவர். பூங்காவை வாங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தார்.

"அலமாக்! நேத்து நல்லாத்தானே சாப்பிட்டுச்சு?"

"ஆமா பாய். வாழைப்பழம்கூட கொடுத்தேன். அதனாலயோ என்னவோ..."

"உங்க மேல என்னம்மா தப்பு, அழாதீங்க," என்றார். இவ்வளவு பெரிய உடம்பை எங்கே புதைப்பது என்றுகூடப் பேசிவிட்டோம். பிறகுதான் அவருக்கு ஜொகூர் பாருவில் இருக்கும் மிருக டாக்டரம்மாவின் நினைவு வந்தது.

டாக்டரம்மா போனில், "காலைத் தொட்டுப் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

நாங்கள் இருவருமே தொடவில்லை. முதலாளி குனிந்து ஒரு விரலால் தொட்டார். புஸ்ஸென்று பெரிய மூச்சு! தலை சட்டென்று உள்ளே போனது. முதலாளி பின்னால் சாய்ந்து, ஆமை புரள்வதற்கென்று வெட்டியிருந்த சேற்றுக்குழியில் உட்கார்ந்துவிட்டார்.

போனில் டாக்டரம்மா சிரித்தார். "இளம் வெயில்ல அப்படித்தான் கைகாலை நீட்டிப் படுக்கும். நிம்மதியா தூங்குதுங்க, விடுங்க லா."

சேறு சொட்டச் சொட்ட முதலாளி சிரித்தார். நானும் சிரித்தேன், கண்ணீர் காயாமலே.

அதன் பிறகு ஆமையின் பழக்கங்களைக் கவனிக்க ஆரம்பித்தேன். உச்சி வெயிலில் பாதி உடம்பு சேற்றில். சாயங்காலம் ரம்புத்தான் மரத்தடியில் எப்போதும் ஒரே இடம். அங்கே மண் அதன் வயிற்றளவுக்குக் குழிந்திருந்தது. ஒருநாள் தெரியாமல் அதைப் பெருக்கிச் சமமாக்கிவிட்டேன். ஆமை வந்து வெகுநேரம் நின்றது. பிறகு முன்னங்கால்களால் மெதுவாக மண்ணைத் தள்ளத் தொடங்கியது. வீட்டுக்குக் கிளம்பியிருந்த நான், பையை இறக்கி வைத்துவிட்டு, அது படுக்கும்வரை நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.