கண்ணால் முகர்ந்த பூ

பியசீலிக்கு மூக்கு இருக்கிறதா இல்லையா என்றே எனக்கு முதல் வருஷம் தெரியாது. விகாரை வாசலில் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்துக் கடை. எனக்கு ஊதுபத்தி, திரி, தேங்காயெண்ணெய், அவளுக்குப் பூ. காலையில் சைக்கிள்காரன் தாமரையும் நீல அல்லியும் அடைத்த ஈரச்சாக்கைக் கொண்டுவந்து போடும் முன்னமே ஒரு வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துக் கண்ணுக்குக் கீழே இறுக்கிக் கட்டிவிடுவாள். கடை எடுத்துக் கட்டும்வரை அவிழ்க்க மாட்டாள். தேத்தண்ணி குடிக்க வேண்டுமென்றால் தெருவைத் தாண்டிப் போய், பூவுக்கு முதுகைக் காட்டி நின்று குடித்துவிட்டு வருவாள்.

எதற்கென்று இந்தக் குருணாகல் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். புத்தருக்கு வைக்கிற பூவை முகர்ந்து பார்க்கக் கூடாது. முகர்ந்தால் எச்சில். நம் கோவிலிலும் அப்படித்தான், ஆனால் நாம் மாலை கட்டும்போது லேசாக மூச்சை இழுத்துவிட்டு ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி இருந்துவிடுவோம். இவர்கள் பூத்தட்டைக் கையை நீட்டிப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் மூக்கைக் கட்டிக்கொண்டு பூ விற்கிறவளுக்கு மதிப்பு எப்படி இருக்கும்! வாசலில் வேறு பூக்கடைகளும் இருந்தன. சனம் அதையெல்லாம் தாண்டி இவளிடம்தான் வரும். "பியசீலியோட பூ மாதிரி சுத்தம் எங்கயும் வராது" என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். அப்போதெல்லாம் அவள் தலையைக் குனிந்துகொள்வாள். அடக்கம் என்று நினைத்தேன். அடக்கமாவது மண்ணாங்கட்டியாவது! உடம்பெல்லாம் கூசிப்போய்த்தான் குனிந்திருக்கிறாள்.

விஷயம் வெளியே வந்தது ஒரு வெசாக் பண்டிகைச் சமயத்தில். விற்பனைக்கென்று ஆரஞ்சு நிறத்தில் வெசாக் காகித விளக்குக் கூடுகள் வாங்கிக் கொடியில் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் பியசீலி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கே, கோவிச்சுக்காதீங்க. அந்தக் கூட்டையெல்லாம் அந்தப் பக்கம் மாட்டுறீங்களா? அழுகின பலாப்பழ வாடை. தலை வெடிக்குது."

"காயிதத்துல பலாப்பழமா? அதுவும் மூக்கைக் கட்டிக்கிட்டு? உனக்கென்ன பைத்தியம் புடிச்சிருக்கா?"

இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "மூக்கால இல்லக்கே, கண்ணால" என்றாள்.

பிறகு மெதுவாகச் சொன்னாள். பிறந்ததிலிருந்தே அப்படியாம். எதைப் பார்த்தாலும் அதன் நிறம் வாசமாக வந்து மண்டைக்குள் ஏறுமாம். எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு, ஆறேழு வயதில், பிக்குகளுக்குச் சாப்பாடு கொடுக்கிற ஒரு தானத்துக்குப் போன இடத்தில், "அம்மா, ஹாமதுருவோட சீவரம் பலாப்பழமா மணக்குது" என்று பிக்குவின் காவி உடையைக் காட்டிக் கத்தியிருக்கிறாள். அத்தனை பேர் நடுவில் அம்மா கன்னத்தில் ஒன்று விட்டாள். அன்றைக்கு மூடிய வாய்தான். பஸ்ஸில் கண்டக்டராக இருந்த புருஷன் குணசிறி பத்து வருஷம் கூட வாழ்ந்துவிட்டுக் காய்ச்சலில் போனான், அவனிடம்கூடச் சொன்னதில்லை. அவன் போனபிறகு மாமியார் வைத்திருந்த பூக்கடை இவள் தலையில் விழுந்தது. உலகத்தில் எத்தனையோ யாவாரம் இருக்க, இவளுக்குப் போய்ப் பூ!

"ஒரே கொளத்துல பறிச்ச ரெண்டு நீல அல்லி ஒரே வாசம் வராது அக்கே. ஒண்ணு எழுதாத புதுப் பள்ளிக்கூடக் கொப்பி மாதிரி இருக்கும். இன்னொண்ணு மழையில நனைஞ்ச சிமெந்துத் தரை மாதிரி. வெயில் ஏறினா அதுவும் மாறிடும். அந்தப் பூவை அந்த நேரத்துல பாத்தாத்தான் உண்டு. மறுபடி அதே வாசம் வரவே வராது."

"அப்போ இந்தக் கைக்குட்டை என்னத்துக்கு?"

"மூக்கைக் கட்டினா நின்னுடும்னு நெனைச்சேன். நிக்கல. அதுக்குள்ள சனம் பெருமையாப் பேச ஆரம்பிச்சிடுச்சு. இப்ப அவுத்தா ஏன்னு கேப்பாங்க. இத்தனை காலமும் எச்சில் பூவைத்தான் வித்திருக்கேன். நான்லாம் என்ன ஜென்மம் அக்கே!"

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "அட சும்மா கெட. கண்ணு பட்டதெல்லாம் எச்சில்னா இந்த ஊர்ல ஒரு பொம்பளையும் சுத்தமா வீடு போய்ச் சேர மாட்டா" என்றேன். அவள் சிரிக்கவில்லை. நான் கூடுகளைக் கழற்றி மறுபக்கம் மாட்டினேன்.

அதற்கு அடுத்த வருஷம் ஸ்ரியாலதா டீச்சரின் மகன் அடிபட்டான். டீச்சர் முனையிலுள்ள பாலர் பள்ளியில் படிப்பிக்கிறவர். புருஷன் இல்லை. இசங்க என்று ஒரே பையன், இப்போதுதான் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தான். மோட்டார் சைக்கிளில் போனவனை லொறி தட்டிவிட்டது. நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தான். டீச்சர் அவனுக்காக விகாரை அரசமரத்துக்கு ஏழு நாள் போதி பூஜை நேர்ந்துகொண்டார். பின்னேரம் ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, வெள்ளைச் சேலையோடு நேரே பியசீலி கடைக்குத்தான் வருவார். அவளைத் தங்கச்சி மாதிரி நங்கி என்றுதான் கூப்பிடுவார்.

"நங்கி, உன் கையாலயே பொறுக்கிக் குடு. என் பிள்ளைக்கு எச்சில் படாத பூ வேணும்."

பியசீலி ஒன்றிரண்டாகப் பொறுக்கித் தட்டில் வைத்தாள். டீச்சர் படியேறிப் போனதும் என் பக்கம் திரும்பினாள். "சொல்லிடுறேன் அக்கே. வேற கடையில வாங்கிக்கச் சொல்லிடுறேன்."

"வாயைத் தொறந்தே, பல்லு இருக்காது. அந்த மனுஷி நெஞ்சுல இப்ப அந்த ஒரு நம்பிக்கைதான் நிக்குது. அதையும் பிடுங்கிடாத."

நான் சொன்னது சரிதான். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அவள் படும்பாட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை. பூவைப் பார்க்காமலே தெருவைப் பார்த்துக்கொண்டு கட்டுவாள். எப்படியும் ஒரு தரம் கண் பட்டுவிடும். பட்டதும் திருடி பிடிபட்ட மாதிரி முகம் போகும்.

பையன் நடுவில் ஒரு நாள் விரலை அசைத்தான். டீச்சர் ஓடி வந்து சொன்னார், நாங்களும் சந்தோஷப்பட்டோம். மறுநாளே காய்ச்சல் ஏறிவிட்டது. அன்றைக்கு டீச்சர் என் ஸ்டூலில் உட்கார்ந்து, தன்னைத்தானே குடைந்துகொண்டிருந்தார்.

"நான் என்ன குறை வெச்சேன் பாக்கியம்? மீன் தொடல. பாயிலதான் படுக்கிறேன். ஒரு எறும்பைக்கூட மிதிக்காம நடக்கிறேன். எங்கேயோ ஒரு பிசகு இருக்கு. எங்கேன்னுதான் தெரியல."

பக்கத்துக் கடையில் தண்ணீர் வாளி கவிழ்ந்த சத்தம் கேட்டது. பியசீலி அதை நிமிர்த்தாமலே நின்றுகொண்டிருந்தாள்.

கடைசி நாள் காலையில் அவள் இன்னொரு துணி கொண்டுவந்தாள். சைக்கிள்காரன் சாக்கை அவிழ்க்கும் முன்னமே அதைக் கண்ணுக்கு மேல் கட்டிக்கொண்டாள். முகத்தில் நெற்றி மட்டும்தான் பாக்கி. சாக்குக்குள் கைவிட்டுத் தடவித் தடவி எடுத்தாள். தாமரை இதழை விரலாலேயே ஒவ்வொன்றாக மடித்துவிட்டாள். அல்லித் தண்டு எத்தனையோ முறிந்துபோனது. எதிரில் கடலை விற்கிற விமலதாசவுக்குக் கொண்டாட்டம்.

"என்ன பியசீலி, கண்ணாமூச்சியா? நான் எங்க ஒளிஞ்சிருக்கேன் சொல்லு பாப்போம்!"

"நீ ஒளிஞ்சா உன் பொண்டாட்டியே தேட மாட்டா, போ!" என்று நான் கத்தினேன்.

பியசீலி காதில் எதுவும் விழவில்லை. பூவைத் தனியாக ஒரு தட்டில் வைத்து மூடிவிட்டுத்தான் கட்டை அவிழ்த்தாள். "ஒண்ணுமே வரல அக்கே. இது சுத்தம்" என்றாள். அவள் குரலில் அப்படியொரு நிம்மதியை நான் அதுவரை கேட்டதில்லை.

அன்று முழுக்க வேறு யாருக்கும் பூ விற்கவில்லை. டீச்சர் வருகிற நேரத்துக்கு மறுபடி கண்ணைக் கட்டிக்கொண்டு நின்றாள். டீச்சர் வந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார்.

"அனே நங்கி... என் பிள்ளைக்காகக் கண்ணையுமா கட்டிக்கிட்டே?" என்று இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். கட்டியிருந்ததால் பியசீலிக்கு அது தெரியாது. நல்லவேளை, தெரிந்திருந்தால் அங்கேயே விழுந்திருப்பாள். டீச்சர் தட்டை வாங்கி, கையை நீட்டிப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு படியேறினார். போதி மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே அவருடைய தம்பி காலில் செருப்பில்லாமல் ஓடி வந்தார். பையன் போய்விட்டான்.

பையன் போன ஏழாம் நாள் தானத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் உதவிக்குப் போனோம். பியசீலி தேங்காய் துருவினாள், நான் வெங்காயம் உரித்தேன். டீச்சர் உள்ளே வந்து, அழுது வீங்கிய முகத்தோடு, சமையலறையில் இருந்த பெண்களிடம் பியசீலியைக் காட்டினார். "என் பிள்ளைக்காக இவ கண்ணையும் கட்டிக்கிட்டுப் பூ பொறுக்கினா. இப்படி ஒருத்தியை நான் பாத்ததில்ல." பெண்கள் கையைத் தூக்கி "சாது, சாது" என்றார்கள்.

துருவுகிற சத்தம் நின்றது.

"வேணாம் டீச்சர், கும்பிடாதீங்க" என்றாள் பியசீலி. தேங்காயைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கண்ணால் முகர்வதை, கைக்குட்டை சும்மா என்பதை, கடைசி நாள் தவிர்த்து அத்தனை நாளும் கொடுத்தது எச்சில் பூ என்பதை. யாருக்கும் முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் டீச்சரின் நாத்தனார் மங்கலிகா எழுந்துவிட்டாள்.

"தெரிஞ்சேதானே குடுத்தே? மூக்கைக் கட்டி ஊரை ஏமாத்தி, பிள்ளையோட உயிர்லயும் விளையாடினியா? நீ பொம்பளையா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கடைசி நாள் பூ சுத்தம்தானே? அன்னைக்குத்தானே பையன் போனான்? அதுக்கு என்ன சொல்றே?" என்றேன்.

"நீ ஊதுபத்தி விக்கிறவ. இதுல உனக்கென்ன தெரியும்?"

டீச்சர் திட்டவில்லை. பியசீலியைப் பார்க்கவும் இல்லை. "துருவினது போதும். போ" என்றார். அவள் தேங்காய்ப்பூ ஒட்டிய கையோடு பின்வாசல் வழியாக வெளியே போனாள்.

அப்புறம் என்ன, ஊர் வாய் சும்மா இருக்குமா? வாங்க வந்தவர்கள் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். சிலர் வேண்டுமென்றே இவள் முன்னால் நின்று, "ஏ பியசீலி, கண்ணைப் பொத்திக்கிட்டு ரெண்டு தாமரை குடு" என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு போவார்கள். பூ வாளியிலேயே கறுத்தது. ஆனாலும் அவள் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னும் எதுக்குடி அது? அவுத்துத் தொலையேன்" என்றேன்.

"முகத்தை எப்படிக்கே காட்டுவேன்?"

மூன்றாம் மாதத் தானத்துக்கு முதல்நாள் டீச்சர் வந்தார். பாதியாக இளைத்திருந்தார். நேரே பியசீலி முன்னால் வந்து நின்றதும், சண்டைக்குத்தான் என்று நினைத்து நான் எண்ணெய்க் கேனைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். டீச்சர் குரலை உயர்த்தவே இல்லை.

"அன்னைக்குக் குடுத்தியே, அந்தப் பூ. என் பிள்ளை போன நேரத்துல அது என் கையிலதான் இருந்தது. முகத்தைத் திருப்பிக்கிட்டேதான் கொண்டுபோனேன். அதோட வாசம் எனக்குத் தெரியாது. ஏழு நாள் சுமந்திருக்கேன், ஒரு நாள் பூவோட வாசமும் எனக்குத் தெரியாது. அதெல்லாம் தெரிஞ்சவ நீ ஒருத்திதான். எப்படி இருந்துச்சு? சொல்லு."

பியசீலி எழுந்து நின்றாள். "முத நாள் தாமரை... சுடச்சுடப் பொங்கி எறக்கின பால் மாதிரி டீச்சர். அவன் விரலை அசைச்ச அன்னைக்கு, நீல அல்லி புதுக் கொப்பி மாதிரி, அப்பத்தான் விரிச்ச மாதிரி. காய்ச்சல் வந்த அன்னைக்கு வெள்ளை அரலியாப் பூ வெச்சேன், அது கஞ்சி போட்ட துணியை வெயில்ல காயவெச்சு எடுத்த மாதிரி..." ஒவ்வொரு நாளாகச் சொன்னாள். ஒன்றைக்கூட மறக்கவில்லை. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"கடைசி நாள்?"

ஒரு பொய் சொல்லித் தொலையேண்டி, பாலாவது பழமாவது, ஏதாவது ஒன்று சொல்லேன், இத்தனை காலம் பொய்யைக் கட்டிக்கொண்டுதானே உட்கார்ந்திருந்தாய் என்று மனதுக்குள் கத்தினேன்.

"அன்னைக்குத்தான் கண்ணைக் கட்டிட்டேனே டீச்சர்" என்றாள். "எனக்குத் தெரியாது."

டீச்சர் கண்ணைத் திறந்தார். "அப்போ ஒருத்தருக்குமே தெரியாது" என்றார். வாளியிலிருந்த பூவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றும் வாங்காமல் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

அன்று பியசீலி கைக்குட்டையை அவிழ்த்தாள். வெயில் படாத பாதி முகம் வெளுத்துப்போய் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு அவள் அதைக் கட்டவே இல்லை. சாக்கு வந்ததும் நடுத்தெரு வெளிச்சத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு பூவாக எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்து, இதழை விலக்கி, முன்னும் பின்னும் திருப்பி, அவசரமே இல்லாமல் பார்ப்பாள். விகாரைக்கு வருகிற சனம் அதைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு போகும். வெளியூர்க்காரர்கள் யாராவது விவரம் தெரியாமல் வாங்கினால்தான் உண்டு.

"கொஞ்சம் மறைவா வெச்சாவது பாரேண்டி. இருக்கிற யாவாரமும் போகுது" என்றேன் ஒருநாள், பொறுக்க மாட்டாமல்.

"எப்படி இருந்துச்சுன்னு யாராவது வந்து கேட்டா நான் என்னக்கே சொல்லுவேன்?" என்று அடுத்த பூவை எடுத்தாள்.