அம்மன் காட்டிய இன்னொரு மாரியம்மாள்

எனக்குச் சின்ன விஷயத்துக்கும் நெஞ்சு படபடக்கும். எட்டாம் வகுப்போடு நின்றவள். சிவகாசி பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வேலை. முந்தின வருஷம் ஆனி மாதம், மகளின் நர்சிங் படிப்புக்குக் கடன் கேட்டு வங்கிக்குப் போனேன்.

"மாட்டுக்கடன் வாங்கிக் கட்டாம விட்டிருக்கீகளேம்மா, கிரெடிட் ஸ்கோர் படுத்துக் கெடக்கு" என்றார் அலுவலர்.

நான் மாடே வாங்கியதில்லை! வங்கி, ஸ்கோர் போடும் இரண்டு கம்பெனிகளைக் கை காட்டியது. அவர்கள் வங்கியைக் காட்டினார்கள். கல்லூரியின் கெடு முடிந்துவிட்டது. பட்டாசு மருந்து வாடை படாமல் வளர்த்த பிள்ளை என்னோடு கம்பெனிக்கு வர ஆரம்பித்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

தெரிந்த வக்கீலம்மா மூலம் மூவர் மேலும் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டேன். அப்போதும் மனம் ஆறவில்லை. என் பெயரில் கடன் வாங்கியவள் நாசமாகட்டும் என்று, மாரியம்மன் கோயிலுக்குக் காசு வெட்டிப் போடப் போனேன்.

"யார் பேரச் சொல்லி வெட்டணும் தாயி?" என்றார் பூசாரி.

"கடன் தாளுல இருக்க பேரு மாரியம்மா. புருசன் கருப்பசாமி."

"ஒம் பேரு?"

"அதேதான் சாமி. எம் புருசனுக்கும் அதே பேருதான்."

"ஏ ஆத்தா, ஒன்னயவே வெட்டச் சொல்றியா? வீட்டுக்குப் போ!"

"தாயே, யாரையும் கெடுக்க வேண்டாம். உண்மையைக் காட்டு" என்று விழுந்து அழுதேன்.

அடுத்த வாய்தாவில், ஆணையம் கேட்டபடி வங்கி அசல் கடன் மனுவைக் கொண்டுவந்தது. அதில் சாத்தூர் பக்கத்து முகவரி. தேடிப் போனேன். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் அந்த மாரியம்மாள் திருடி இல்லை. மாடு செத்து, தவணை நின்றிருந்தது. பெயரும் புருசன் பெயரும் ஒன்று என்று எங்கள் இருவரையும் ஒருத்தியாக்கியது வங்கிதான்.

"எங் கடன ஒங்க தலையில ஏத்திட்டாகளா? நல்லா இருக்கே நாயம்! நான் வந்து சொல்றேன்க்கா" என்றாள்.

ஒருநாள் கூலியை விட்டுவிட்டு ஆணையத்துக்கு வந்தாள். அத்தனை பேர் முன்னால் தலைநிமிர்ந்து, "வாங்குனது நான்தான்யா. இந்தக்கா இல்ல" என்றாள். அவளைக் கும்பிடத் தோன்றியது. எனக்கு அந்தத் தைரியம் வருமா?

என் பதிவைத் திருத்தி நஷ்டஈடும் தரவேண்டும் என்று தீர்ப்பானது. கல்விக்கடன் கிடைத்து, இந்த வருஷம் மகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். தாயே, உனக்குக் கோடி நன்றி! இப்போதெல்லாம் ஆளைப் பார்க்காமல் யாரையும் நான் சபிப்பதில்லை.

அநியாயத்தில் தவிக்கிற அக்கா தங்கைகளே, மனுவும் எழுதுங்கள், அம்மனிடமும் சொல்லுங்கள். பயந்து பயந்து நான் முனகியதே அவள் காதில் விழுந்தது. உங்கள் குரல் விழாதா?