ஒரே மூச்சில் படிக்கிற வரி

சிங்கப்பூரில் நான் எழுத்தராக இருக்கும் சாங்கி சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய அந்தப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். பின்னலைச் சுருட்டி ஹெல்மெட்டுக்குள் திணித்திருப்பார். எந்த எழுத்தைக் கண்டாலும் வாய்விட்டுப் படிப்பார்.

ஒரு மதியம் இன்சுலின் பெட்டிகள் வெக்கையில் நின்றன. குளிர் அறைக்கு மாற்ற மேலாளரின் அனுமதி வேண்டும். ஆங்கிலத்தில் அவருக்கு நீளமாக மின்னஞ்சல் அனுப்பினேன். என்ன கேட்கிறேன் என்று புரியவில்லை என்றார். பதறிப்போய் இன்னும் நீட்டி எழுதினேன். பெட்டிகளை எடுக்கக் காத்திருந்த அந்தப் பெண் என் திரையைச் சத்தமாகப் படித்தார். பாதி வாக்கியத்திலேயே அவருக்கு மூச்சு வாங்கியது.

"அண்ணே, உங்களுக்கு என்னதான் வேணும்?"

"பெட்டியெல்லாம் இப்பவே உள்ள போகணும்."

"அதை மட்டும் எழுதுங்க லா."

எல்லாவற்றையும் அழித்துவிட்டு எழுதினேன்: 'மே வி மூவ் தி இன்சுலின் டு த கோல்ட் ரூம் நவ்?'

ஒரே நிமிடத்தில் 'யெஸ்' வந்தது. நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தேன். அதற்குள் அவர் முதல் பெட்டியைத் தூக்கியிருந்தார்.

ஆறு வருடங்களாக ஆங்கிலத்தில் எழுதித்தான் சம்பளம் வாங்குகிறேன். எனக்கு என்ன வேண்டும் என்று என்னைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.