மச்சானின் கால்விரல் நோன்பு

எங்கள் தெருவில் மாவு இடிக்கும் சத்தம் அதிகமாகக் கேட்பது நோன்பு மாதத்தில்தான். வயிற்றுக்கு ஓய்வு கொடு என்று அல்லா ஒரு மாதத்தைத் தந்தான். நாங்கள் எண்ணெயில் பொரித்த வாடாவையும் இனிப்பு வட்டிலப்பத்தையும் அந்த மாதத்துக்கென்றே ஒதுக்கி வைத்துக்கொண்டோம். பெருநாளன்று ஆண்களின் இடுப்பைப் பார்த்தால் போதும். கைலிமேல் கட்டும் பச்சை வார் போன மாதம் மாட்டிய துளையில் மாட்டாது. இந்தக் கூட்டம்தான் பள்ளிவாசல் படியில் உட்கார்ந்து, நோன்பு பிடித்தால் உடம்பு புதுசாகும், மூப்பு அண்டாது என்று பேசும்.

அவர்களில் பெரிய பேச்சுக்காரர் என் மச்சான், நான் லாத்தா என்று கூப்பிடும் என் அக்காவின் மாப்பிள்ளை. கொழும்பில் கடை வைத்திருந்து, சர்க்கரை வியாதியோடு ஊர் திரும்பியவர். அந்த வருஷம் அவர் கால் பெருவிரலில் ஒரு புண் ஆறாமல் நின்றது. சாப்பாட்டைக் குறைத்து வேளாவேளைக்குச் சாப்பிடணும், பட்டினி கூடாது, புண் காயாவிட்டால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று இராமநாதபுரத்து டாக்டர் சொல்லிவிட்டார். நோயாளிக்கு மார்க்கத்திலேயே சலுகை உண்டு, குணமான பிறகு பிடிக்கலாம், குணமே ஆகாதென்றால் ஏழைக்குச் சோறு கொடுத்தால் போதும் என்று பள்ளிவாசல் ஆலிம்சாவும் சொன்னார்.

மச்சான் கேட்கவில்லை. வயிறு காலியானால் உடம்பு தன் அழுகலைத் தானே தின்று புதுச் சதை வளர்க்கும் என்று கொழும்பில் யாரோ சொன்னது அவருக்கு வேதவாக்கு. தாடிக்கு மருதாணி போட்டுக்கொண்டு நோன்பைத் தொடங்கினார்.

என்ன நோன்பு அது! விடியுமுன் சஹருக்கு நெய்ச்சோறும், பாலும் பழமும். விடிந்ததிலிருந்து சாயங்கால அஸர் தொழுகை வரை தூக்கம். நோன்பு திறக்கப் பள்ளிவாசலில் நகரா அடித்ததும் கஞ்சி, வாடா, அதன்மேல் இடியப்பமும் இறைச்சி ஆணமும், கடைசியில் வட்டிலப்பம். அதே பகலில் கடலோர வெயிலில் கரைவலை இழுத்த கிழவர்கள், ஒரு பேரீச்சம்பழமும் கஞ்சியுமாக நோன்பு திறந்துவிட்டு, இரவில் தராவீஹ் தொழுகைக்கு நிமிர்ந்து நிற்பார்கள். பசித்த உடம்பு தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ளும் என்பதை அவர்களைப் பார்த்து நம்பலாம். மச்சான் உடம்புக்கு அதற்கு நேரம் ஏது? ராத்திரி முழுக்கச் செரிக்கவே சரியாக இருந்தது.

புண் நாறத் தொடங்கியது. லாத்தா அறையில் சாம்பிராணி போட்டாள். அவள் அழுததைப் பார்த்துத்தான் நான் பேசப் போனேன்.

"மச்சான், அல்லாவே விட்டுக் கொடுத்துட்டான். நீங்க விடமாட்டேங்குறீங்களே?"

"எட்டாப்பு தாண்டாதவன் நீ. ஒடம்பு புதுசாகுறதப் பத்தி ஒனக்கு என்னடா தெரியும்?"

அடுப்படியிலிருந்து லாத்தா சொன்னாள்: "புதுசு மெதுவா வரட்டும். எனக்கு அந்தப் பழைய வெரலு வேணும்."

மறுநாள் நகரா அடித்தபோது மச்சான் முன்னால் ஒரு பேரீச்சம்பழமும் தேங்காய்ப்பால் சேர்க்காத கஞ்சியும் இருந்தன. மற்றதெல்லாம் வலைக்காரர் குடிசைகளுக்குப் போய்விட்டிருந்தது. அவர் கத்தினார். லாத்தா அசையவில்லை. சஹருக்கும் அதே கஞ்சிதான்.

விடிந்ததும் மச்சானுக்கு மார்க்கச் சட்டம் ஞாபகம் வந்துவிட்டது. "நான் நோயாளி. எனக்குச் சலுகை இருக்கு" என்றார். அத்தனை நாள் ஆலிம்சா சொல்லி ஏறாததை ஒரு கிண்ணம் கஞ்சி ஏற்றிவிட்டது.

அதன்பின் டாக்டர் சொன்ன அளவில் லாத்தா தன் கையாலேயே போட்டுக் கொடுத்தாள். ஊசியும் கட்டும் நடந்தன. ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் புண் ஓரத்திலிருந்து சிவப்பாகச் சதை கூடி மூடிக்கொண்டது. விரல் தப்பியது. அல்ஹம்துலில்லாஹ் என்று நானும் அழுதேன்.

மச்சான் பள்ளிவாசல் படியில் காலை நீட்டி வைத்துக்கொண்டு, "பாத்தீங்களா, நோன்பு வளத்த சதை" என்று எல்லாருக்கும் காட்டினார்.

புண் ஆறினாலும் சர்க்கரை குணமாகப் போவதில்லை என்பதால், விட்டுப்போன நோன்புகளுக்கு ஏழை ஒருவரை அழைத்துச் சோறு போட்டாள் லாத்தா. துணைக்கு இருக்கிறேன் என்று மச்சானும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வந்தவருக்கு நெய்ச்சோறு வைத்தாள். மச்சானுக்குக் கஞ்சி.